விவசாயிகளுக்காக ஒரு வங்கி



அமெரிக்கக் கட்டடம் என்றதும் வானளாவிய மாடிகள்தான் கண்ணில் வந்து நிற்கும். அந்த மாடிகளுக்கு ஓர் உருவம் தந்த முன்னோடி லூயிஸ் சல்லிவன். அவர் கட்டியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது மின்னசோட்டா மாநிலத்தில், ஓவடோனா என்ற சிற்றூரில் இருக்கும் வங்கிதான். கறவை மாடுகளும் வெண்ணெயும் வாழவைத்த ஊர் அது.

அங்கே நேஷனல் ஃபார்மர்ஸ் வங்கியின் துணைத் தலைவராக இருந்தவர் கார்ல் பென்னட். வங்கி என்றால் கிரேக்கக் கோயிலைப் போலத் தூண்கள் வைத்துக் கட்டுவது அன்றைய வழக்கம். இசைப் பிரியரான பென்னட்டுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பத்திரிகையில் சல்லிவனின் கட்டுரை ஒன்றைப் படித்தவர், சிகாகோவிலிருந்து அவரையே அழைத்துவிட்டார். ஒரு கட்டுரை போய்ச் சேர வேண்டியவர் கையில் சேர்ந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்று நினைக்கையில் பத்திரிகைக்காரனான எனக்குச் சிலிர்க்கிறது. சல்லிவனுக்கும் அது காலத்தில் வந்த அழைப்பு. 1895-இல் கூட்டாளி டாங்க்மர் ஆட்லரைப் பிரிந்த பிறகு அவருக்கு வேலை அருகிப்போயிருந்தது.

1908-இல் கட்டடம் எழுந்தது. அடியில் செம்மணற்கல். அதன்மேல் பல சாயல்களில் சிவந்த செங்கல். தெருவைப் பார்த்த இரண்டு சுவர்களிலும் 36 அடி அகலத்தில் தலா ஒரு வளைவு, அதை நிறைத்து வண்ணக் கண்ணாடி. சேலைக்குக் கரை கட்டியதுபோல் சுவரைச் சுற்றிச் சுடுமண் பூவேலை ஓடுகிறது. உள்ளே நான்கு பெரிய வார்ப்பிரும்பு விளக்குகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் இரண்டே கால் டன். அண்ணாந்து பார்த்தால் இலையும் கொடியுமாக இரும்பே துளிர்த்திருக்கிறது. சுவர் ஓவியங்களில் தெய்வங்களோ தளபதிகளோ இல்லை. ஒன்றில் பசுக்கள் மேய்கின்றன, இன்னொன்றில் அறுவடை நடக்கிறது. கடன் கேட்டு வந்த விவசாயி தலை நிமிர்ந்தால் தன் வயலையும் மாட்டையும் பார்த்திருப்பார். விவசாயிகள் உட்கார்ந்து பேச ஓர் அறையும், ஊருக்குள் வந்த பெண்கள் இளைப்பாற ஓர் அறையும் இருந்தன. இந்த இரண்டு அறைகளுக்காகவே பென்னட்டைக் கும்பிடத் தோன்றுகிறது.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பூவேலையில் பெரும்பங்கு சல்லிவனிடம் வரைவாளராக இருந்த ஜார்ஜ் எல்ம்ஸ்லியின் கைவண்ணம். புகழ் மட்டும் முதலாளியின் பெயரில் நின்றுவிட்டது.

கட்டடம் எழுந்த பின் வந்த காலம் நல்லதாக இல்லை. பென்னட் தனக்கும் ஒரு வீடு வரையச் சொன்னார். வரைபடம் வந்தது, வீடு எழவில்லை. சல்லிவன் மேலும் சில சிற்றூர் வங்கிகளைக் கட்டினார். ஆனாலும் 1924-இல் வறுமையில்தான் இறந்தார். முதல் உலகப் போருக்குப் பின் விளைபொருள் விலை சரிந்து, விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் தவித்தார்கள். 1926-இல் பென்னட்டின் வங்கி மூடப்பட்டது. கட்டடம் வேறொரு வங்கியின் கைக்குப் போனது. 1940-இல் ‘புதுப்பிக்கிறோம்’ என்று உள்ளே இருந்த காசாளர் கூண்டுகளைப் பிய்த்தெறிந்தார்கள். அவற்றின் துண்டுகள் சில இன்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நல்லவேளை, 1950களில் ஹார்வெல் ஹாமில்டன் ஹாரிஸ் என்ற கட்டடக் கலைஞர் மூலத்தை மதித்துச் சீரமைத்தார். 1976-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது. 1981-இல் அஞ்சல் தலையிலும் ஏறியது.

உங்கள் ஊரிலும் பழைய வங்கியோ தபால் ஆபீஸோ கூட்டுறவுச் சங்கமோ இருக்கும். இடிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். கட்டியவர் பெயரோடு, செங்கல் வைத்த கொத்தனார், கதவு இழைத்த ஆசாரி பற்றித் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த இதழிலிருந்து அதற்கென்றே இரண்டு பக்கங்கள் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்