ஹாலோவீன்: பேய்க்கு முன்னால் வந்து நிற்கும் பில்

அமெரிக்காவில் அக்டோபர் 31 ராத்திரி பேய்கள் தெருவுக்கு வரும் என்பது ஊரறிந்த விஷயம். அதே பேய்கள் கடைக்கு ஜூலையிலேயே வந்துவிடுகின்றன என்பதுதான் கூத்து. வெளியே வெயில் கொளுத்தும், பள்ளிக்கூடம்கூட திறந்திருக்காது. கடைக்குள் நுழைந்தால் ஒரு எலும்புக்கூடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். கடைசி நேரத்தில் திண்டாடாமல் இப்போதே திட்டமிடுங்கள் என்று விளம்பரம் வேறு.

முன்கூட்டித் திட்டமிடுவது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் அது யாருடைய திட்டம்?

காமர்ஸ் மாணவர்களுக்கு சீசன் சரக்கு என்றால் என்ன என்று தெரியும். வேட உடை கிட்டத்தட்ட தக்காளி மாதிரி. அக்டோபர் 31 சாயங்காலம் வரை முழு விலை, நவம்பர் 1 காலையில் பாதி விலை. விற்காமல் தங்கினால் அது கடைக்காரர் தலையில். அதனால் அவர் சரக்கை எவ்வளவு சீக்கிரம் தள்ளுகிறாரோ அவ்வளவு நிம்மதி. ஆகஸ்டில் ஒரு அம்மா சிலந்தி மனிதன் உடையை வாங்கிப் போனால் கடைக்காரருக்கு முழு விலையும் கிடைக்கிறது, இந்த வருஷம் எது ஓடும் என்ற தகவலும் கிடைக்கிறது. ரிஸ்க் அப்படியே வீட்டு அலமாரிக்கு இடம் மாறிவிடுகிறது.

ஏழு வயசுப் பையன் இரண்டரை மாசத்தில் எவ்வளவு வளர்வான் என்று யாருக்குத் தெரியும்? வளராவிட்டாலும் மனசு மாறும். ஆகஸ்டில் சிலந்தி மனிதன், செப்டம்பரில் டைனோசர், அக்டோபர் 25 அன்று "எல்லாரும் நிஞ்சாவா வர்றாங்கம்மா, நானும் நிஞ்சாதான்". சீக்கிரம் வாங்கிய வீட்டில் இரண்டு உடைகளுக்குப் பில் கட்டுகிறார்கள். :-)

இது சின்ன வியாபாரம் இல்லை. 2025 ஹாலோவீனுக்கு அமெரிக்கர்கள் 1310 கோடி டாலர் செலவழிப்பார்கள் என்று அந்நாட்டு சில்லறை வணிகக் கூட்டமைப்பு கணித்தது. உடை, அலங்காரம், மிட்டாய், வாழ்த்து அட்டை எல்லாம் சேர்த்து. 2023-ல் இது 1220 கோடி, 2024-ல் 1160 கோடி. ஹோம் டிப்போ 2020-ல் 12 அடி எலும்புக்கூடு ஒன்றை 299 டாலருக்கு விற்க ஆரம்பித்தது. அடுத்தடுத்த வருஷங்களில் மக்கள் கோடைகாலத்திலேயே அதற்காகக் காத்துக்கிடந்தார்கள். வருஷத்தில் பதினோரு மாசம் அதை எங்கே வைப்பது என்ற கேள்வி வாங்கின பிறகுதான் வரும்.

இந்த ஆட்டத்தை நன்றாகப் புரிந்துகொண்டது ஸ்பிரிட் ஹாலோவீன். கலிபோர்னியாவில் 1983-ல் தொடங்கிய கடை. மூடிக் கிடக்கும் பெரிய கடைகளைச் சில மாசத்துக்கு வாடகைக்கு எடுத்து, ஆகஸ்டில் திறந்து, நவம்பர் பிறந்ததும் கடையைக் கட்டிவிடுகிறார்கள். வருஷம் பூரா திறந்திருந்த பார்ட்டி சிட்டியோ, 2024 டிசம்பரில் தன் சொந்தக் கடைகளை எல்லாம் மூடுவதாக அறிவித்தது. வருஷ வாடகை கட்டுகிறவர் போய்விட்டார், மூன்று மாச வாடகைக்காரர் நிற்கிறார்.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று உண்டு. உடைகளில் பெரும்பகுதி சீனாவிலிருந்து கப்பலில் வருபவை. 2025 ஏப்ரலில் சீனப் பொருட்கள் மீது அமெரிக்க வரி 145 சதவீதம் வரை ஏறி, மே மாதம் 30 சதவீதத்துக்கு இறங்கியது. ஆர்டர் போட வேண்டிய நேரத்தில் இப்படி ஆடினால் விலை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அந்த மாதிரி வருஷத்தில் முந்திக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு வருஷத்து விதிவிலக்கை வைத்து வருஷா வருஷம் பயமுறுத்துவது சரியில்லை.

உண்மையில் முன்கூட்டி யோசிக்க வேண்டிய விஷயம் எந்த விளம்பரத்திலும் வருவதில்லை. அது கார். 1975 முதல் 2016 வரையிலான விபத்துக் கணக்கை எடுத்து 2019-ல் வெளியான ஒரு ஆய்வு, ஹாலோவீன் மாலையில் நடந்து போகிறவர்கள் வாகனம் மோதி இறக்கும் அபாயம் முன்பின் வாரத்து மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று சொல்கிறது. கறுப்பு உடை, கண்ணை மறைக்கும் முகமூடி, காலில் தட்டும் அங்கி, மங்கும் வெளிச்சம், மிட்டாய் ஆசையில் ரோட்டைக் குறுக்கே ஓடும் பிள்ளைகள். 2007 முதல் கோடைகால நேரத்தை நவம்பர் முதல் ஞாயிறு வரை நீட்டியதால் அன்றைக்கு ஒரு மணி நேர வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. அதுவும் போதவில்லை. முகமூடிக்குப் பதில் முகத்தில் சாயம், அங்கியின் ஓரத்தை நாலு விரல் மடித்துத் தையல், முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை. சில டாலரில் முடிகிற வேலை இது.

பெற்றோர்களோ வேறு பயத்தில் இருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர் மிட்டாயில் விஷம் வைப்பார் என்ற பயம். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் பல வருஷத்துச் செய்திகளைத் தோண்டிப் பார்த்தும், அந்நியர் இப்படி ஒரு குழந்தையைக் கொன்றதாக உறுதியான சம்பவம் கிடைக்கவில்லை. 1974-ல் டெக்சாஸில் ஒரு சிறுவன் விஷ மிட்டாய் தின்று இறந்தது நிஜம். கொடுத்தது அவனைப் பெற்ற தகப்பன், இன்சூரன்ஸ் பணத்துக்காக! பையைக் கொட்டி ஒவ்வொரு மிட்டாயாக ஆராய்கிற அக்கறையில் பாதியாவது ரோட்டுக்குக் கிடைக்கலாம்.

இன்னொரு நல்ல ஏற்பாடும் இருக்கிறது. வாசலில் நீலப்பச்சை சாயம் பூசிய பரங்கிக்காய் இருந்தால், அந்த வீட்டில் வேர்க்கடலை, பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கும் கொடுக்க பென்சில், பொம்மை மாதிரி ஏதாவது உண்டு என்று அர்த்தம். 2014 முதல் அமெரிக்கா முழுக்கப் பரவியது. மிட்டாயை வாங்கி வீட்டில் வந்து தூக்கிப் போடுகிற பிள்ளைக்கு அந்த ஒரு வாசல் பெரிய விஷயம்.

உடைக்கும் வழி இருக்கிறது. பல ஊர் நூலகங்களிலும் பள்ளிகளிலும் ஹாலோவீனுக்கு முன்னால் பழைய வேட உடைகளை மாற்றிக்கொள்ளும் நாள் நடத்துகிறார்கள். சின்னதாகிப்போன டைனோசரைக் கொடுத்துவிட்டு நிஞ்சாவை எடுத்துக்கொண்டு போகலாம். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்க ஆகஸ்ட் மாதம் தாராளமாகப் போதும்.