இறந்தவர் கணக்கை அழிக்க வழி உண்டு; இருப்பவருக்கு இல்லை: பூட்டிக் கிடக்கும் 'பேஸ்புக்' சிக்கல்

சென்னை,

'பேஸ்புக்'கில் புதிதாக ஒரு கணக்கு தொடங்க 5 நிமிடம் போதும். பெயர், பிறந்த தேதி, செல்போன் நம்பர் அல்லது இ-மெயில் கொடுத்தால் வேலை முடிந்தது. அதே கணக்கை, பாஸ்வேர்டு மறந்து நம்பரும் கைமாறிய பிறகு அழிக்க நினைத்தால், மாதக்கணக்கில் மல்லுக்கட்டினாலும் நடப்பதில்லை.

"தொலையட்டும், அழிச்சிடலாம்னு பார்த்தா உள்ளேயே போக முடியலையே" என்று புலம்புகிறவர்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கல்லூரி நாட்களில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தொடங்கிய கணக்கு. அதில் போட்ட படம், காதல், சண்டை, வீட்டு போன் நம்பர் எல்லாம் ஊர் பார்க்க அப்படியே கிடக்கிறது. போட்டவரால் மட்டும் தொட முடியவில்லை.

பெண் பார்க்க வருகிறவர்களும், வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகளும் முதலில் பெயரை போட்டு தேடிப்பார்க்கும் காலம் இது. 10 வருடத்துக்கு முந்தைய ஒரு படம் இன்றைய வாழ்க்கையில் புகுந்து குழப்பம் செய்ய முடியும். எனவே இதை சில்லறை விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

3 விதமான பூட்டு

கணக்கு பூட்டிக் கொள்வது 3 விதத்தில் நடக்கிறது.

முதலாவது, பாஸ்வேர்டும் மறந்து, பதிவு செய்த நம்பரும் இ-மெயிலும் கையில் இல்லாத நிலை. 2-வது, சந்தேகத்துக்கிடமான நடமாட்டம் என்று சொல்லி நிறுவனமே பூட்டி, அடையாள சான்று கேட்பது. 3-வது, திருடன் புகுந்து பாஸ்வேர்டு, இ-மெயில், நம்பர் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது.

இதில் 3-வதுதான் ஆபத்தானது. "அவசரமா ஆஸ்பத்திரியில இருக்கேன், 5 ஆயிரம் அனுப்பு, நாளைக்கே தர்றேன்" என்று நண்பர்களுக்கு மெசேஜ் போவது இப்படிப்பட்ட கணக்குகளில் இருந்துதான். பணம் கொடுத்தவர் கேட்பது திருடனை அல்ல, கணக்குக்கு சொந்தக்காரரை.

மூன்று நிலையிலும் சிக்கல் ஒன்றேதான். கணக்கை அழிக்கும் பொத்தான் வீட்டுக்குள்ளே இருக்கிறது. சாவி இல்லாதவரால் உள்ளே போக முடியாது. பழைய லேப்டாப்பில் தப்பித்தவறி கணக்கு திறந்தே இருந்தாலும், அழிக்கும்போது கடைசி கட்டத்தில் பாஸ்வேர்டு கேட்கும்.

அப்படியே அழிக்க உத்தரவு கொடுத்தாலும் உடனே அழியாது. 30 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் யாராவது உள்ளே நுழைந்து ரத்து செய்தால் கணக்கு பிழைத்துக் கொள்ளும். எல்லா விவரங்களும் முழுமையாக நீங்க 90 நாள் வரை ஆகலாம் என்று நிறுவனம் சொல்கிறது.

நம்பர் கைமாறும் 90 நாள்

நம்பர் தொலைவது நம் ஊரில் சர்வசாதாரணம். ஆபருக்காக சிம்கார்டு மாற்றியவர்கள், வெளிநாடு போனவர்கள், ரீசார்ஜ் செய்யாமல் விட்டவர்கள் என்று பட்டியல் நீளும்.

துண்டிக்கப்பட்ட நம்பரை குறைந்தபட்சம் 90 நாள் வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' 2023-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது. அதற்கு பிறகு அந்த நம்பர் முன்பின் தெரியாத ஒருவருக்கு போகலாம். கணக்கை மீட்க அனுப்பும் ஓ.டி.பி.யும் அவருடைய செல்போனுக்குத்தான் போகும்.

சரி, இ-மெயிலாவது உதவுமா என்றால் அங்கேயும் ஆப்பு. 2 ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் திட்டத்தை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. பழைய ஜிமெயில் அதில் போயிருந்தால், பேஸ்புக் அனுப்பும் மீட்பு கடிதம் போய்ச்சேர இடமே இல்லை.

ரசிகனுக்கு ஏது அடையாள அட்டை?

கடைசி வழியாக அடையாள அட்டையை படம் எடுத்து அனுப்பலாம். இங்கேதான் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு தனி சோதனை.

நமக்கு குடும்ப பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் ஒரு மாதிரி, வாக்காளர் அட்டையில் ஒரு மாதிரி, பேஸ்புக்கில் அப்பா பெயரை பின்னால் சேர்த்து இன்னொரு மாதிரி. போதாக்குறைக்கு அந்த காலத்தில் நடிகர் பெயரோடு 'ரசிகன்', 'வெறியன்' என்று சேர்த்துக் கொண்டவர்கள் ஏராளம். அந்த பெயரில் எந்த தாசில்தார் சான்று கொடுப்பார்?

பிறந்த தேதியையும் பலர் வாய்க்கு வந்தபடி போட்டிருப்பார்கள். பெண்கள் பலர் பாதுகாப்புக்காக தங்கள் படத்துக்கு பதில் ரோஜா பூ, குழந்தை படம் வைத்திருப்பார்கள். முகத்தை வீடியோ எடுத்து அனுப்ப சொன்னால், ஒப்பிட்டு பார்க்க அங்கே முகமே இல்லை. ஜாக்கிரதையாக இருந்ததே இன்று அவர்களுக்கு எதிராக திரும்பி நிற்கிறது.

நண்பர்களை எல்லாம் சேர்த்து 'ரிப்போர்ட்' அடித்தால் கணக்கு போய்விடும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் புகாரின் எண்ணிக்கையை வைத்து எதையும் நீக்குவதில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. போலி கணக்கு என்று புகார் செய்தாலும், அது உண்மையான கணக்குதானே? விதிமீறல் இல்லை என்று பதில் வந்துவிடும்.

நிறுவனம் பக்கம் நியாயம் இல்லையா?

இருக்கிறது. "இது என் கணக்கு, அழித்துவிடுங்கள்" என்று யார் சொன்னாலும் அழித்துவிட்டால் என்ன ஆகும்? ஆகாதவர்கள் ஒருவர் கணக்கை ஒருவர் அழித்துக் கொண்டே இருப்பார்கள். பிரிந்து போன கணவர் மனைவியின் கணக்கை அழிக்கலாம். போட்டி கடைக்காரர் எதிர் கடையின் பக்கத்தை காலி செய்யலாம். எனவே ஆளை உறுதி செய்வது அவசியம் என்பதில் சந்தேகம் இல்லை.

ஆனால் உறுதி செய்வதற்கு வேறு வழியே இல்லையா என்பதுதான் கேள்வி. ஒருவர் இறந்துவிட்டால், இறப்பு சான்றிதழும் உறவுமுறைக்கான சான்றும் காட்டி குடும்பத்தினர் அந்த கணக்கை நீக்க கோரலாம். பாஸ்வேர்டு தேவை இல்லை. 13 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கணக்கு என்றால், அதை புகார் செய்ய தனி படிவம் உள்ளது. அதற்கும் பாஸ்வேர்டு வேண்டாம்.

அதாவது இறந்தவருக்கு ஒரு கதவு, குழந்தைக்கு ஒரு கதவு. உயிரோடு இருக்கும் பெரியவருக்கு மட்டும் "முதலில் கணக்கை மீட்டு விட்டு, பிறகு அழித்துக்கொள்" என்கிற ஒரே கதவு. அவருக்கு கணக்கு திரும்ப வேண்டும் என்ற ஆசையே இல்லை. அது இல்லாமல் போனால் போதும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பேஸ்புக்கை நடத்தும் 'மெட்டா' நிறுவனத்தின் இன்னொரு பிள்ளையான வாட்ஸ்அப்பில், 120 நாள் பயன்படுத்தாத கணக்குகள் பொதுவாக தானாக நீக்கப்படுகின்றன. தம்பிக்கு இருக்கும் அந்த கெடு அண்ணனுக்கு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2021-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஒவ்வொரு சமூக வலைதள நிறுவனமும் குறைதீர்ப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும். புகாரை பெற்றதாக 24 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும். 15 நாளில் தீர்வு காண வேண்டும் என்று அப்போது விதிக்கப்பட்டது. பின்னர் வந்த திருத்தங்களில் கெடுக்கள் மேலும் குறைக்கப்பட்டன.

பதில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டு குழுவுக்கு போகலாம். 2023-ம் ஆண்டு 3 குழுக்கள் அமைக்கப்பட்டன. வக்கீல் வைக்க தேவை இல்லை, டெல்லிக்கு அலையவும் தேவை இல்லை. எல்லாம் ஆன்லைனில்தான். இப்படி ஒன்று இருப்பதே பலருக்கு தெரியாது.

இந்திய புகார்கள் பற்றி மெட்டா வெளியிட்டு வந்த மாத அறிக்கைகளில், கணக்கு 'ஹேக்' ஆனதாக வரும் புகார்கள் தனி இனமாகவே இடம்பெற்றன. அவற்றில் பலவற்றுக்கு, பயனாளிகள் தாங்களே சரி செய்து கொள்ளும் 'வழிமுறைகளை' கொடுத்ததாக கணக்கு காட்டப்பட்டது. சாவி தொலைந்தவருக்கு பூட்டு இருக்கும் இடத்தை காட்டிவிட்டு, தீர்ந்தது என்று எழுதிக்கொள்வது போலத்தான் இது.

புதிதாக வந்துள்ள தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்பு சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தன்னை பற்றிய விவரத்தை அழிக்க சொல்லும் உரிமையை 12-வது பிரிவு தருகிறது. சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, அதே அளவு சுலபமாக வாபஸ் பெறவும் முடிய வேண்டும் என்கிறது 6-வது பிரிவு. இந்த உரிமைகள் விதிகள் அறிவித்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் அமலுக்கு வரும் வகையில் அட்டவணை போடப்பட்டுள்ளது.

2 கோடிக்கு மேல் இந்திய பயனாளிகள் உள்ள சமூக வலைதளங்கள், 3 ஆண்டு எட்டிப்பார்க்காதவரின் விவரத்தை அழிக்க வேண்டும் என்றும் விதி உள்ளது. நல்ல செய்திதான். ஆனால் கணக்குக்குள் நுழைய தேவைப்படும் விவரத்துக்கு அதில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். பழைய கணக்குகளுக்கு, விதிகள் தொடங்கிய பிறகே 3 ஆண்டு எண்ணப்படும். அழிப்பதற்கு 48 மணி நேரம் முன்பு தகவல் சொல்ல வேண்டும். தொலைந்து போன இ-மெயிலுக்கு வரும் அந்த தகவலை யார் படிப்பது?

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

முன்பு பயன்படுத்திய அதே செல்போன் அல்லது கம்ப்யூட்டரில் இருந்து மீட்பு முயற்சி செய்தால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். எங்காவது கணக்கு திறந்தே இருந்தால், பழைய பதிவுகளை மொத்தமாக தேர்வு செய்து குப்பைக்கு அனுப்பும் வசதி 2020-ல் வந்தது. கணக்கு அழியாவிட்டாலும் உள்ளே இருப்பதை காலி செய்யலாம்.

அந்தரங்கத்தை மீறும் படங்களை தனித்தனியாக புகார் செய்ய, கணக்கு இல்லாதவர்களுக்கும் படிவம் உள்ளது. நண்பர்கள் பக்கத்தில் உள்ள படங்களை அவர்களிடமே சொல்லி எடுக்க சொல்லலாம். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதும்போது "மீட்க வேண்டாம், அழிக்க வேண்டும்" என்று தெளிவாக குறிப்பிட்டு, ஒப்புகை எண்ணை பத்திரப்படுத்துவது நல்லது. மேல்முறையீட்டுக்கு அதுதான் ஆதாரம்.

ஆதார் அனுப்புவதாக இருந்தால் முதல் 8 எண்களை மறைத்த 'மாஸ்க்டு' ஆதாரே போதுமா என்று முதலில் பார்க்க வேண்டும். திருடன் கையில் கணக்கு சிக்கி பணம் போயிருந்தால் 1930 என்ற நம்பருக்கு உடனே போன் செய்ய வேண்டும். அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாக பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்ப சட்டத்தின் 66-சி பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில் தண்டனைக்குரிய குற்றம்.

"2 ஆயிரம் கொடுங்க, ஒரே நாள்ல அழிச்சு தர்றோம்" என்று வருகிறவர்களிடம் உஷாராக இருக்க வேண்டும். பொதுமக்கள் அழைக்க பேஸ்புக்குக்கு கஸ்டமர் கேர் போன் நம்பர் கிடையாது. கூகுளில் தேடினால் வரும் நம்பர்கள் மோசடி பேர்வழிகளுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பூட்டிய கணக்கோடு போவது, பேங்க் கணக்கையும் சேர்த்து இழப்பதில் முடியும்.

உரிமை சட்டத்தில் வந்துவிட்டது. அதை கேட்டு வாங்க, உள்ளே நுழையாமலே ஆளை உறுதி செய்யும் ஒரு வழிதான் பாக்கி. குடும்பத்தாரின் சான்றை வைத்து இறந்தவர் கணக்கை நீக்க முடிகிறது என்றால், சொந்தக்காரரே நேரில் நிற்கும்போது ஏன் முடியாது? 2027-க்குள் இதற்கு தெளிவான நடைமுறையை மத்திய அரசு வகுக்க வேண்டும் என்பதே பாதிக்கப்பட்டவர்களின் எதிர்பார்ப்பாக உள்ளது.