படுக்கையருகே சில வண்ணத் தாள்கள்

மருத்துவமனையில் நோயாளியின் நேரம் பெரும்பாலும் பிறர் வசம் இருக்கிறது. ஊசி எப்போது, உணவு எப்போது, பரிசோதனை எப்போது என்பதை நாங்களே முடிவு செய்கிறோம். தாமே தொடங்கித் தாமே முடிக்கும் ஒரு சிறு வேலையேனும் அவருக்கு வேண்டும். ஒரிகாமியும் குவில்லிங்கும் அதற்குப் பொருத்தமானவை என்பது என் கருத்து.

ஒரிகாமிக்கு ஒரு சதுரத் தாள் போதும். கத்தரியோ பசையோ தேவையில்லை. குவில்லிங்கில் மெல்லிய தாள் கீற்றுகளைச் சுருட்டி, விரலால் அழுத்தி, இதழாகவும் இலையாகவும் ஒட்டுகிறோம். களைப்புற்றால் வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம்.

ஹிரோஷிமா அணுகுண்டு வீச்சில் உயிர்தப்பிய சிறுமி சடாகோ சசாகி, 1955-இல் இரத்தப் புற்றுநோயுடன் மருத்துவமனையில் இருந்தபோது, மருந்து சுற்றிவந்த தாள்களிலும் கொக்குகள் மடித்தாள். ஆயிரம் கொக்குகள் மடித்தால் வேண்டுதல் நிறைவேறும் என்பது ஜப்பானிய நம்பிக்கை. அவ்வாண்டு அக்டோபரில், 12 வயதில், அவள் இறந்தாள். காகிதம் நோயைத் தீர்க்காது. சிகிச்சைக்கு மாற்றாக அதை எவரும் கருத வேண்டாம். ஆயினும் அந்த மாதங்களில் அவள் கைகளுக்குத் தனக்கென்று ஒரு வேலை இருந்தது. அதன் மதிப்பை நான் குறைத்து எண்ணமாட்டேன்.

புதிய, தூய தாள்களையே கொண்டுவாருங்கள். தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் கைகளைக் கழுவுங்கள். ஊசிக்குழாய் பொருத்திய கையை வருத்த வேண்டாம். குவில்லிங் ஊசியும் பசையும் சிறு குழந்தைகளுக்கு எட்டாதிருக்கட்டும்.

உடனிருக்கும் உறவினரும் சேர்ந்து மடிக்கலாம். நோயைப் பற்றியே பேசித் தளர்ந்த இருவருக்கு, அடுத்த மடிப்பு எது என்பது நல்லதொரு பேச்சு.