கை பேசினால் கேட்குமா?

போன மாதம் கடத்தூரில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததுமே, "அண்ணி, இதைப் பாருங்க!" என்று பேசும் பெட்டியைக் காட்டினாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கி வைத்ததாம். "அலெக்ஸா, லைட் ஆன்" என்றாள், விளக்கு எரிந்தது. பெருமை தாங்கவில்லை அவளுக்கு!

மருமகள் கைக்குழந்தையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். பிறவியிலேயே காது கேட்காது. சைகை மொழிதான் அவள் பேச்சு. எல்லோருக்கும் கட்டுப்படும் பெட்டி அவளுக்கு மட்டும் வெறும் டப்பா! எனக்கு மனசு கேட்கவில்லை.

2018ல் அபிஷேக் சிங் என்பவர் இதற்கு ஒரு வழி செய்து காட்டினார். கம்ப்யூட்டர் காமிரா முன் சைகை செய்தால், அது சொல்லாக மாறி பெட்டிக்குக் கேட்கும்படி ஒலிக்கும். பெட்டியின் பதில் எழுத்தாகத் திரையில் வரும். ஆனால் அவர் கற்றுக்கொடுத்த சில சைகைகள்தான் அதற்குத் தெரியும். சைகை மொழி வெறும் கையசைப்பா என்ன? புருவம், முகம் எல்லாம் பேசுமே! அமெரிக்கச் சைகை வேறு, நம்முடையது வேறு.

சரி, இன்றைக்கு என்ன செய்யலாம்? திரையுள்ள பெட்டியாக வாங்கினால், பேசாமல் திரையைத் தொட்டே வேலை வாங்கலாம். நாத்தனார் வீட்டில் இருப்பது திரையில்லாதது. அதனால் போனில் அலெக்ஸா செயலியைப் போட்டுக் கொடுத்தேன். விரலால் தொட்டு விளக்கை அணைத்தாள், போட்டாள், மறுபடி அணைத்தாள்!

அதைவிட முக்கியம், ராத்திரிக் கவலை. மகன் ஊரில் இல்லாதபோது குழந்தை அழுதால்? ஆண்ட்ராய்ட் போனில் 'சவுண்ட் நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று ஒரு வசதி, 2020ல் வந்தது. குழந்தை அழுகையைக் கேட்டால் போன் அதிரும், வெளிச்சம் மின்னும். தலையணைக்கடியில் வைத்துப் பார்த்தோம், எழுந்துவிட்டாள். ஆனால் இதை மட்டும் நம்பித் தூங்கிவிடக் கூடாது. சில சமயம் தவறவிடும். குழந்தையைக் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடத்தச் சொன்னேன்.

ஒன்று கேட்டேன் நாத்தனாரிடம்: "உனக்கு அவ பாஷையில எத்தனை வார்த்தை தெரியும்?" பால், தண்ணி, தூக்கம் - மூன்றே மூன்று! கல்யாணமாகி மூணு வருஷம்! டில்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதியில் 2021லேயே 10,000 சொற்கள். வீடியோவாக யூடியூபிலும் பார்க்கலாம், செலவில்லை. மத்தியானம் சீரியல் நேரத்தில் இருவருமாக உட்கார்ந்து பார்த்தோம்.

நான் பஸ் ஏறும்போது நாத்தனார் மருமகளிடம் 'சாப்பிட்டியா?' என்று கையால் கேட்டாள். கை கொஞ்சம் கோணலாகத்தான் போனது. மருமகள் சிரித்துக்கொண்டே பிடித்து நேராக்கினாள்.