புள்ளி கலையாத படம்



வீட்டிலிருந்தவாறே பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் சகோதரிகள் பலர் இன்று கணினியில் பாடக்குறிப்புத் தயாரிக்கின்றனர். குர்ஆன் செயலியை எப்படித் திறப்பது, எந்த இடத்தைத் தொடுவது என்று விளக்க ஸ்கிரீன்ஷொட் எடுத்துச் சேர்க்கின்றனர். நல்ல முயற்சி. ஆனால் அச்சிட்டுப் பார்த்தால் சில வேளை எழுத்துக்கள் மங்கிக் கிடக்கும். படத்தை எந்த வகையில் சேமித்தோம் என்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

அரபு எழுத்தில் புள்ளி அலங்காரமல்ல. 'கலக' என்றால் படைத்தான். முதலெழுத்தின் மேலுள்ள ஒற்றைப் புள்ளி மறைந்தால் அது 'ஹலக', அதாவது மழித்தான் என்றாகிவிடும். எழுத்துக்கூட்டிப் பழகும் பிள்ளை, கண்ணில் பட்டதைத்தானே ஓதும்?

1992இல் தரநிலையாக வந்த ஜேபெக், புகைப்படங்களுக்கென அமைந்தது. அது படத்தை 8க்கு 8 என்ற சிறு கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்து அளவைக் குறைக்கிறது. பூவிலும் கடலிலும் அக்குறை தெரியாது. வெள்ளைத் தளத்துக் கறுப்பெழுத்திலோ ஓரமெங்கும் அழுக்குப் படிந்தாற்போல் தெரியும். திருத்தித் திருத்திச் சேமிக்க, குறையும் கூடும். 1996இல் வந்த பிஎன்ஜி அவ்வாறன்று. எதையும் கழிக்காமலே சுருக்கும்.

எனவே சகோதரிகளே, எழுத்துள்ள திரைக்குப் பிஎன்ஜி, புகைப்படத்திற்கு ஜேபெக் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜேபெக்கில் கெட்டுப்போன படத்தைப் பிறகு பிஎன்ஜியாக மாற்றினாலும் போன நுணுக்கம் திரும்பாது. திரையை மீண்டும் எடுப்பதே வழி. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மறுபடியும் சுருக்கப்படும், ஆவணமாக அனுப்புங்கள். வேர்ட்டில் சேர்ப்பவர்கள், படங்களைச் சுருக்க வேண்டாம் என்னும் தெரிவை அமைப்புகளில் இட்டுக்கொள்ளுங்கள். சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்காமல், செயலியில் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டுப் படமெடுங்கள். அச்சிடுமுன் ஒவ்வொரு புள்ளியையும் குர்ஆன் பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கற்றதைப் பிறருக்குச் சேர்ப்பிப்பது ஓர் அமானிதம். அதில் ஒரு புள்ளியும் குறையாமல் ஒப்படைப்போம். நம் பிள்ளைகளின் நாவை அல்லாஹ் திருத்தமாக ஓதும் நாவாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.