கொடையாளர் பெயரும் கொடுத்தவர் பணமும்

செல்வர் தம் பணத்தைத் தாம் விரும்பிய இடத்தில் கொடுக்கிறார். கேள்வி கேட்க நாம் யார் என்று சிலர் வினவுகின்றனர். இவ்வாதம் நமக்கு ஏற்புடையதன்று.

டாட்டா அறக்கட்டளைகளையே எடுத்துக்கொள்வோம். அவை இந்நாட்டுக்குச் செய்த நன்மையை மறைத்துப் பேசுவது நன்றிகேடு. பெங்களூரில் 1909-இல் அமைந்த இந்திய அறிவியல் கழகமும், பம்பாயில் 1941-இல் திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனையும் அக்குடும்பத்தின் கொடையால் எழுந்தவை. ஆனால் 2008-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு 5 கோடி டாலர் சென்றது. ஒரு பாதி, அங்கே பயிலும் இந்திய மாணவர்களின் உதவித்தொகைக்கு. மறு பாதி, இந்திய வேளாண்மையையும் ஊட்டச்சத்தையும் ஆராய்வதற்கு. இதிலாவது நம் ஏழைகளின் நினைவு இருந்தது. 2010-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளிக்கு டாட்டா நிறுவனங்களும் அறக்கட்டளைகளும் சேர்ந்து மேலும் 5 கோடி டாலர் அளித்தன. அதில் எழுந்த ‘டாட்டா ஹால்’ 2013-இல் திறக்கப்பட்டது. நிறுவன மேலாளர்கள் தங்கிப் பயிற்சி பெறும் மாளிகை அது! உலகின் மிகச் செல்வம் படைத்த பல்கலைக்கழகத்துக்கு இது எவ்வகைத் தருமம்?

அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு உண்டு. வெளிநாட்டில் செலவிடும் தொகைக்கு அவ்விலக்கு வேண்டுமானால் அரசின் தனி ஒப்புதல் தேவை. இக்கொடைகள் குறித்து எழுந்த வழக்கில் வருமான வரித் தீர்ப்பாயம் 2020-இல் அறக்கட்டளைக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. சட்டப்படி குற்றமில்லை என்பதை ஏற்கிறோம். எனினும், அரசு விட்டுக்கொடுக்கும் வரி எல்லாருடைய பணமுமாகும். காரியாபட்டிச் சந்தையில் சோப்பும் தீப்பெட்டியும் வாங்கும் கூலிப்பெண் தன் வரியைச் செலுத்திவிட்டே வீடு திரும்புகிறாள். அவளுக்கு விலக்கு இல்லை. ஆகவே அந்த மாளிகையில் அவளுக்கும் ஒரு செங்கல் உண்டு என்போம். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு இட்ட கைம்பெண்ணைப் பற்றி மாற்கும் லூக்காவும் எழுதினர். அவள் பெயரை எழுதவில்லை. மின்விசிறியின் இறக்கையில்கூட ‘உபயம்’ எழுதும் நம்மவர் இதைக் கவனிப்பது நன்று.

ஊட்டச்சத்து ஆய்வு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் குன்னூரிலேயே 1920-களில் மருத்துவர் மெக்காரிசன், பல மாநிலத்தாரின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, தீட்டிய அரிசியை மட்டும் நம்பிய தென்னாட்டு உணவின் குறையைக் காட்டினார். அந்த அறிவு பிறந்து நூறாண்டாகிறது. காரியாபட்டி, திருச்சுழி வட்டாரத்து மானாவாரி நிலத்தில் குறைந்த மழையிலும் விளையும் குதிரைவாலி, நார்ச்சத்து மிகுந்த தானியம். அது அடுப்படியை விட்டு அகன்றதற்கு அறியாமை மட்டும் காரணமன்று. அதன் உமியை நீக்க உரலும் உலக்கையுமாகப் பெண்கள் பட்ட பாடு சிறிதன்று. ரேஷன் அரிசி வந்ததும் கைகள் ஓய்ந்தன. அவர்களை யார் குறை சொல்ல முடியும்?

இதே மாவட்டத்தில் பிறந்த காமராசர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது, அரசுப் பணத்தோடு ஊர்மக்களின் கொடையும் சேர்ந்தே பிள்ளைகளின் தட்டு நிறைந்தது. கொடுத்தவர் பெயரில் அன்று மாளிகை எழவில்லை.

கடல்கடந்து செல்லும் ஒவ்வொரு கொடைக்கும் வரிவிலக்கு அளிக்குமுன், அதனால் இங்குள்ள ஏழைக்கு வரும் பயன் என்ன என்பதை அரசு அவன் மொழியில் வெளியிட வேண்டும். ஊட்டச்சத்தின் பெயரால் கொடுப்போர், ஊர்தோறும் உமி நீக்கும் இயந்திரம் ஒன்றையும் தம் கணக்கில் சேர்க்கட்டும். விரும்பினால் அதன்மேல் தம் பெயரையும் பொறித்துக்கொள்ளட்டும், நாம் தடுக்கமாட்டோம்.