ஊசிக்கு முன் ஒரு துளி குருதி

மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு என்பதை நாம் தமிழ் வகுப்பிலே கற்கிறோம். கற்றதைத் தேர்வில் எழுதுகிறோம், மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால் அந்தச் செல்வம் காய்ச்சல் கண்டு, தீனி மறந்து, தலை தொங்கி நிற்கும்போது அதன் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு நமக்குப் பொறுமை இருப்பதில்லை. "ஒரு ஊசி போடுங்கள் ஐயா" என்கிறோம். ஊசியும் போடப்படுகிறது. எந்த நோய்க்கு எந்த ஊசி என்ற கேள்விதான் பல வேளைகளில் எழுவதே இல்லை.

அந்தக் கேள்வியை எழுப்புவதற்காகவே இதை எழுதுகிறேன். நான் கேட்பது பெரிதொன்றும் அன்று. காய்ச்சல் கண்ட கறவை மாட்டுக்கு மருந்து ஏற்றுமுன், அதன் குருதியில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் எடுக்க வேண்டும்; அதை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இவ்வளவே.

ஆனேக்கல் வட்டத்தை அறிந்தவர்கள் அதன் இரு முகங்களையும் அறிவார்கள். பெங்களூர் நகர மாவட்டத்தின் தென்கோடியிலே, தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் வட்டம் அது. ஒரு பக்கம் பொம்மசந்திரம், ஜிகணி என்று தொழிற்சாலைகள்; மனிதர்க்கான பெரிய மருத்துவமனைகள்; மருந்து செய்யும் ஆலைகள். மறுபக்கம் பன்னேர்கட்டா காட்டின் ஓரத்தில் கேழ்வரகு விளையும் சிற்றூர்கள்; வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ சீமைப் பசுக்கள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர்கள் இவை. பேசும் மொழி எதுவாயினும் விடியற்காலையில் பால்பாத்திரத்தோடு சங்கத்து வாசலில் நிற்கும் வரிசை ஒன்றே. சங்கத்தில் பால் ஊற்றி வரும் பணத்தில்தான் பிள்ளையின் பள்ளிச் செலவும் நடக்கிறது, கடைக்காரரின் கணக்கும் தீர்கிறது. ஒரு பசு விழுந்தால் அந்த வீட்டில் விழுவது பசு மட்டும் அன்று.

அந்தப் பசுவை வீழ்த்தும் எதிரி நகத்தளவே இருக்கிறது. உண்ணி என்று அதற்குப் பெயர். குருதியைக் குடிப்பதோடு அது நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம். குடிக்கும்போதே தன் எச்சிலோடு கண்ணுக்குத் தெரியாத ஒட்டுயிர்களையும் உள்ளே செலுத்திவிடுகிறது. தீங்கு அங்கேதான் தொடங்குகிறது. இவற்றுள் தைலேரியா, பபீசியா என்ற இரண்டும் குருதியணுக்களுக்குள் புகுந்து வாழும் ஒட்டுயிர்கள். அனாப்ளாஸ்மா என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அது பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. ஆனாலும் அதுவும் உண்ணி ஏறியே வருகிறது. அதுவும் குருதியைத்தான் கெடுக்கிறது.

நம் மண்ணுக்குப் பழகிய ஹள்ளிக்கார் போன்ற நாட்டு மாடுகள் இந்த நோய்களைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. தலைமுறை தலைமுறையாக உண்ணியோடு வாழ்ந்து பெற்ற வலிமை அது. பாலுக்காக நாம் கொண்டுவந்த சீமை இரத்தத்துக்கு அந்த வலிமை குறைவு. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியும் அதையொட்டிப் பெருகிய கலப்பினப் பசுக்களும் எத்தனையோ ஏழை வீடுகளில் அடுப்பெரிய வைத்தன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புதிய பசுவைக் கொடுத்த நாம், அதைக் காக்கும் புதிய பழக்கத்தையும் உடன் கொடுத்திருக்க வேண்டாமா?

இனி நோயைப் பார்ப்போம். மூன்றிலும் கடுங்காய்ச்சல் உண்டு. மூன்றிலும் மாடு தீனி எடுக்காது, பால் வற்றும், நாளடைவில் கண்ணிமையின் உட்புறம் வெளுக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றே. ஊன்றிப் பார்த்தால் வேறுபாடுகள் உண்டு. தைலேரியாவில் தோளுக்கு முன்னால் உள்ள நிணநீர்க் கணு கைக்குத் தட்டுப்படும்படி வீங்கும். பபீசியாவில் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அனாப்ளாஸ்மாவில் மாடு வெளுக்கும், மஞ்சள் பூக்கும். ஆனால் சிறுநீர் சிவப்பதில்லை. இவற்றோடு மூன்று நாள் காய்ச்சல் என்று நாம் சொல்லும் வைரசு நோயும் சேர்ந்துகொள்கிறது. அது பெரும்பாலும் தானே வந்து தானே போவது. "மூன்று நாள் காய்ச்சல்தான், போய்விடும்" என்று காத்திருந்து, நான்காம் நாள் தைலேரியா என்று அறிந்து கைபிசைந்து நிற்பவர்களை எங்கள் பக்கத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

இந்த அடையாளங்கள் முதல் நாளே தெளிவாகத் தெரிவதில்லை. எல்லா மாட்டிலும் தெரிவதுமில்லை. ஆனால் மருந்தோ மூன்றுக்கும் வேறு. தைலேரியாவுக்குப் பூபர்வாகோன். பபீசியாவுக்கு டைமினசீன் அல்லது இமிடோகார்ப். அனாப்ளாஸ்மாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் அல்லது இமிடோகார்ப். தைலேரியா கண்ட மாட்டுக்கு டைமினசீன் போட்டால் பயன் இல்லை. பபீசியா கண்ட மாட்டுக்கு விலை உயர்ந்த பூபர்வாகோனைப் போட்டுவிட்டு மறுநாள் வரை காத்திருந்தால், அந்த ஒரு நாளில் எத்தனை சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீரில் போய்விடும்! தவறான ஊசியால் வீணாவது பணம் மட்டும் அன்று. மாடு பிழைப்பதற்கிருந்த நாளும் வீணாகிறது.

இந்த மயக்கத்தைத் தீர்ப்பதற்குத்தான் அந்த ஒரு துளி குருதி. காது நுனியில் சிறு ஊசியால் குத்தி ஒரு துளி எடுத்து, தகட்டின் மேல் மெல்லிய பூச்சாக இழுத்து, உலர்த்தி, மெத்தனாலில் நிலைநிறுத்தி, ஜீம்சா சாயம் ஏற்றினால் போதும். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேர வேலை. பிறகு நுண்ணோக்கியில் கண் வைத்தால் குருதியே பேசும். சிவப்பணுவுக்குள் இரட்டைப் பேரிக்காய் போல் இணைந்து கிடந்தால் பபீசியா. சிறு வளையமாகவும் காற்புள்ளி போலவும் கிடந்தால் தைலேரியா. அணுவின் விளிம்பில் கரும்புள்ளியாக ஒட்டியிருந்தால் அனாப்ளாஸ்மா. வீங்கிய கணுவிலிருந்து ஊசியால் சிறிது நீர் எடுத்துப் பார்த்தால், தைலேரியா குருதியில் பரவுமுன்பே வெள்ளணுக்களுக்குள் நீலத் திட்டுகளாகத் தெரியும். இராபர்ட் காக் என்ற ஜெர்மன் அறிஞரின் பெயரால் அவற்றைக் காக்கின் நீல உருக்கள் என்கிறார்கள்.

இது புதுமையான அறிவா? இல்லை. உண்ணியே மாட்டுக்கு நோயைக் கொண்டுவருகிறது என்று அமெரிக்காவில் தியோபால்டு சுமித்தும் கில்போர்னும் 1893-இல் நிறுவிக் காட்டினார்கள். மலேரியாவின் உயிரியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்டு ராசு சிக்கந்தராபாத்தில் கண்டது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துத்தான். பூச்சியும் உண்ணியும் நோய் பரப்பும் என்ற பெரிய உண்மையின் முதற்பாடங்களில் ஒன்றை உலகுக்குக் கொடுத்ததே மாட்டின் குருதிதான். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பாடம் ஆனேக்கல் கொட்டிலுக்குள் முழுவதாக வந்து சேரவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளை நான் அறிவேன். "மருத்துவர் வருவதே மாலையில், தகட்டைப் பார்த்து முடிவு சொல்லும் வரை மாடு உயிரோடிருக்குமா?" என்பது முதல் மறுப்பு. நியாயமான கேள்வி. நான் மருந்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. மாடு மோசமாக இருந்தால் அனுபவம் காட்டும் மருந்தை உடனே கொடுக்கட்டும். ஆனால் அதற்கு முன்பே தகட்டை எடுத்துவிடட்டும். ஊசி ஏறிய பிறகு ஒட்டுயிர்கள் குறைந்துவிடும். அப்புறம் எடுக்கும் தகடு உண்மையைச் சொல்லாது. முன்னே எடுத்த தகடு இருந்தால், மறுநாள் காய்ச்சல் இறங்காதபோது நாம் இருட்டில் தடவ வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு படித்தவர்களிடமிருந்து வருவது. "தகடு எப்போதும் உண்மை சொல்லுமா?" என்கிறார்கள். எப்போதும் சொல்லாது. நோய் தீர்ந்த மாட்டின் குருதியிலும் தைலேரியா சிறிதளவு தங்கியிருக்கும். அது வேறு காய்ச்சலில் கிடக்கும்போது தகட்டில் தைலேரியாவைக் கண்டு நாம் ஏமாறக்கூடும். ஒட்டுயிர் மிகக் குறைவாக இருந்தால் கண்ணுக்குத் தப்பியும் போகும். அவற்றைக் கண்டுபிடிக்கப் பி.சி.ஆர். சோதனை வேண்டும். ஆகவே தகட்டையும் மாட்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். விளக்கு மங்கல் என்பதற்காக விளக்கே வேண்டாம் என்பார் உண்டோ?

மூன்றாவது மறுப்பு, "எல்லா மருந்தையும் சேர்த்துப் போட்டுவிட்டால் என்ன?" என்பது. இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. இளைத்துப்போன மாட்டின் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் அது வீண்சுமை. பாலிலும் மருந்து கலக்கும். புட்டியில் குறித்த நாள்வரை அந்தப் பாலைச் சங்கத்தில் ஊற்றக் கூடாது. அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. பூபர்வாகோனுக்கு அடங்காத தைலேரியா துனிசியாவிலும் ஈரானிலும் ஏற்கெனவே தோன்றிவிட்டது. தைலேரியாவுக்கு நம் கையில் உள்ள சிறந்த மருந்து அது ஒன்றுதான். அதை நோய் அறியாமலும் மாட்டின் எடை அறியாமலும் வாரி இறைத்தால், உண்மையாகவே தேவைப்படும் நாளில் அது நம்மைக் கைவிடும்.

திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் உண்டு. அதில் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை. நோயையும் அதன் மூலத்தையும் அறிந்த பின்னரே தணிக்கும் வழியைத் தேட வேண்டும் என்ற முறை இருக்கிறது. அந்த முறையை மேடையில் பாராட்டுகிறோம், கொட்டிலில் மறந்துவிடுகிறோம்.

மூலம் என்றேன். இங்கே மூலம் உண்ணி. தைலேரியாவைப் பரப்பும் உண்ணி கொட்டிலின் சுவர் வெடிப்புகளில் ஒளிந்து தோலுரித்து வளர்கிறது. மாட்டின் மேல் மட்டும் மருந்து தெளித்துவிட்டுச் சுவரை விட்டுவைப்பது, திருடனை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். வெடிப்பைப் பூசி அடைக்க வேண்டும். பிடுங்கிய உண்ணியைத் தரையில் எறியக் கூடாது. குருதி குடித்து உப்பிய ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தீயிலோ மண்ணெண்ணெயிலோ போட்டு அழிக்க வேண்டும்.

தைலேரியாவுக்கு நம் நாட்டிலேயே செய்யப்படும் தடுப்பூசியும் உண்டு. உயிருள்ள அணுக்களால் ஆன மருந்தாகையால் அதைத் திரவ நைட்ரசனில்தான் வைத்துக் காக்க வேண்டும். "அந்த வசதிக்கு எங்கே போவது?" என்பார்கள். சினை ஊசிக்கான விந்துக் குச்சிகளையும் அதே திரவ நைட்ரசனில்தானே வைத்துக் கொண்டுவருகிறார்கள்? கலப்பினக் கன்றைப் பிறப்பிக்கும் குளிர்க்கலம் வரும் வழியிலே, அந்தக் கன்றைக் காக்கும் மருந்துக்கும் ஒரு கலம் வர முடியாதா?

இறுதியாக, மாணவத் தோழர்களுக்கு ஒரு சொல். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1958-இல் தொடங்கியது. ஆனேக்கலிலிருந்து அது எட்டாத தூரம் அன்று. காய்ச்சல் மாடுகளின் தகடுகளை வாரம் ஒருமுறையேனும் ஊர்களிலிருந்து திரட்டிப் பார்க்கும் ஏற்பாட்டை அரசும் பால் சங்கங்களும் கல்லூரியும் கூடிச் செய்யலாம், செய்ய வேண்டும். தகடும் சாயமும் விலை மிக்க பொருள்கள் அல்ல. நம் பங்கும் ஒன்று உண்டு. மருந்துப் புட்டியின் மேல் எழுதியிருப்பது பால் கறக்கும் தாய்க்குப் புரியாத மொழியில். கணு வீக்கம் எப்படியிருக்கும், சிறுநீரின் நிறம் எதைக் காட்டும், மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் நல்ல தமிழில் எழுதி அச்சிட நம் சங்கத்தால் முடியாதா? கன்னட நண்பர்களைக் கேட்டால் மறுபக்கத்தில் கன்னடத்தில் எழுதித் தர மாட்டார்களா? தமிழுக்குத் தொண்டு செய்கிறோம் என்று விழா எடுக்கிறோம். கொட்டில்வரை செல்லும் தமிழும் தொண்டுதான்.

அந்தத் தாளின் தலைப்பில் ஒரு வரி போதும்: "ஐயா, ஊசி போடுமுன் ஒரு துளி குருதி எடுத்துப் பாருங்கள்." மாட்டுக்குடையவர் இதைக் கேட்கத் தொடங்கிவிட்டால், பார்க்கும் பழக்கம் தானே வரும்.